கிழக்கு முகத்துக்குச் சாயங்கால வெயில்

பேய், பிசாசு, செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். ஹார்பரில் விழுந்தவர்கள், ரயிலில் அடிபட்டவர்கள், வெட்டுப்பட்டவர்கள் என்று சின்ன வயதிலிருந்து பிணம் பார்த்திருக்கிறேன். ஒருவரும் திரும்பி வரவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். வேறு எவனாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பத்தாவது பெயில். கொஞ்ச காலம் வெல்டிங் கடையில் இருந்தேன். கண் ஒத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் ஜெராக்ஸ் எடுக்கப் போனவன், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து த்ரீ-டி கற்றுக்கொண்டேன். கட்டிடம் எழும்பும் முன்னாலேயே, முடிந்தபின் அது எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரி படம் செய்து கொடுப்பது. ‘வியூ’ என்போம்.

சுவரும் ஜன்னலும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். வெயில் வைப்பதுதான் வேலை. ஊர், தேதி, மணி, வடக்கு எந்தப் பக்கம், இதையெல்லாம் கொடுத்தால் அன்றைக்கு அந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்குமோ அங்கேயே மெஷின் அதை நிறுத்தும். நேரத்துக்கு ஒரு பட்டை உண்டு. மவுசால் இழுத்தால் சூரியன் எழும், ஏறும், இறங்கும். நிழல் கூடவே சுற்றும். அப்புறம் வானம். எண்ணூர்ப் பக்கத்து வானம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதை அப்படியே வைத்தால் எந்த பில்டரும் ஏற்க மாட்டான். தூசியைக் குறைத்து நீலத்தை ஏற்ற வேண்டும். சூரியனைக் கொஞ்சம் பெரிதாக்கினால் நிழலின் ஓரம் மெத்தென்று ஆகும். அப்போதுதான் நிஜம் மாதிரி தெரியும்.

எல்லா பில்டருக்கும் ஒரே ஆசைதான். முகப்பில் சாயங்கால வெயில் பொன் மாதிரி விழ வேண்டும். மனை எந்தத் திசை பார்த்திருந்தாலும் சரி. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம். வடக்கைத் திருப்பிவிடுவோம். திசை முள்ளை ஒரு சுற்று சுற்றினால் சூரியன் நமக்கு வேண்டிய பக்கம் வந்து நிற்கும். படத்தைப் பார்க்கிறவன் எவனும் திசை பார்ப்பதில்லை. நான் போட்ட வியூக்களில் பாதிக்கு மேல் சூரியன் தப்பான பக்கம்தான் நிற்கிறது.

எர்ணாவூரில் பழைய கம்பெனி ஷெட் ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போனார்கள். கிழக்கு பார்த்த மனை. முன்னால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லும் கடலும். அந்த வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. அந்த சைட்டுக்கு சூப்பர்வைசர் ராபர்ட். என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன்.

ராபர்ட் முன்பு ஹார்பரில் வேலை பார்த்தவன். இரும்புக் கயிற்றில் சிக்கி வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போனது. சிரித்துக்கொண்டே இருப்பான். ஆனால் வாய் அடங்காது. ஷெட்டை இடித்த பழைய இரும்பை எடுத்துப்போக ஒரு கும்பல் தினமும் வந்தது. சீட்டு இல்லாமல் லாரி வெளியே போகாது என்று ராபர்ட் கேட்டைச் சாத்தினான். பேச்சு வளர்ந்து, அதில் ஒருவனை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டான். அவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, ‘இதே கேட்டாண்ட உன்ன போடுறோம், பாரு’ என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் பக்கம் இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய. செய்கிறவர்களும் உண்டு.

அந்த மாதக் கடைசியில் சைட்டில் புக்கிங் விழா வைத்தார்கள். சாயங்காலம் ஷாமியானா, மேளம், குத்துவிளக்கு. கேட்டின் மேல் கட்ட பெரிய ஃபிளெக்ஸ் வேண்டும், அதற்கு வியூ வேண்டும். வியூவில் விழா தேதியையே வைப்பது எங்கள் சாரின் பழக்கம். ராசி என்பார். நானும் அந்தத் தேதியை வைத்தேன். முகப்பு கிழக்கு, கேட்டது சாயங்கால வெயில். வடக்கை நேர் எதிராகத் திருப்பினேன். பட்டையை இழுத்து அஞ்சரைக்குப் பக்கம் கொண்டு வந்தேன். கேட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் காம்பவுண்டுச் சுவர். அதில் வெயில் நன்றாக விழுந்தது.

சுவரில் ஆள் நிழலும் விழுந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். வெளியே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. குடித்திருந்தேனா என்று கேட்பீர்கள். நான் குடிப்பதில்லை.

மாடலில் ஆள் யாரையும் நான் வைக்கவில்லை. மறைத்து வைத்தது ஏதாவது இருக்கும் என்று எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். மரத்தை எடுத்தேன். காரை எடுத்தேன். கடைசியில் தரையும் சுவரும் மட்டும் மிச்சம். நிழல் அப்படியே நின்றது. மெஷினை அணைத்துப் போட்டேன். மறுபடி வந்தது. தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளினால் இல்லை. பின்னால் தள்ளினாலும் இல்லை. விழா தேதியில் மட்டும் இருந்தது.

சார் வந்து எட்டிப் பார்த்தார்.

‘ஏன் தாஸு, கேட்டாண்ட எதுக்கு ஆளுங்கள நிக்க வெச்சிருக்க?’

‘நான் வெக்கல சார்.’

‘நீ வெக்கலன்னா ராத்திரி பேயா வந்து வெச்சிது? கிராஃபிக்ஸ் கார்டு காலியாயிருக்கும். அழிச்சிட்டு அனுப்பு, பிரிண்ட்டுக்குக் காத்துகினு இருக்கான்.’

சாரும் பார்த்தார் என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்கு மட்டும் தெரிந்தது இல்லை அது.

அவர் போன பிறகு நேரப் பட்டையை மெதுவாக நகர்த்தினேன். நம்பினால் நம்புங்கள், நிழல்கள் நடந்தன. பொதுவாக நேரத்தை நகர்த்தினால் நிழல் நீளும், சாயும், அவ்வளவுதான். இவை கால் மாற்றி நடந்தன. முதலில் ஒருவன் தனியாகச் சுவர் ஓரம் நிற்கிறான். பட்டையைக் கொஞ்சம் இழுத்தால் இடது பக்கமிருந்து மூன்று பேர் வருகிறார்கள். இன்னும் இழுத்தால் மூன்று கை மேலே போகிறது. கையில் நீளமாக ஏதோ இருக்கிறது. தனி ஆள் குனிகிறான். பட்டையைப் பின்னால் இழுத்தால் நிமிர்கிறான். முன்னால் தள்ளினால் மறுபடி குனிகிறான். நான் எத்தனை முறை இழுத்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அவன் வெட்டுப்பட்டான்.

ஒரு இடத்தில் அவன் தலையை மறைக்கக் கையைத் தூக்குகிறான். வெள்ளைச் சுவரில் அந்தக் கை பெரிதாக விழுந்தது. கட்டை விரல், அடுத்து இரண்டு விரல். அதற்கு மேல் இல்லை.

மெஷினை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினேன். பிறகு திரும்பி வந்து, சுவரில் இருந்த நிழலைப் படத்தில் பெயின்ட் அடித்து மறைத்து, பிரிண்ட்டுக்கு அனுப்பினேன். வேலை நிற்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனேன். ராபர்ட் கைலியோடு உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பார்த்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தான்.

‘இன்னா மச்சான், கம்ப்யூட்டரு ஜோசியம் சொல்லுதா? அப்ப எனக்கு புல்லட்டு எப்ப வரும்னு அதாண்டயே கேளேன்.’

‘வெளையாடாத மாப்ள. விழா அன்னிக்கு அங்க இருக்காத.’

‘நான் இல்லாம விழாவா? அவனுங்களுக்கு பயந்துகினு ராபர்ட்டு வூட்ல முட்டாக்கு போட்டுகினு பட்த்துகினான்னு பேசுவானுங்க. கேவலம்.’

ஸ்டெல்லா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி.

‘தே, இங்க பாரு. அண்ணன் வருசத்துக்கு நாலு வார்த்த பேசுனா அதிகம். அது வந்து இவ்ளோ பேசுதுன்னா சும்மா பேசல. நீ போனினா நான் புள்ளைய தூக்கிகினு அம்மா வூட்டுக்கு போய்டுவேன்.’

‘போ. நண்டு மீதியாவும்.’

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லாமல் அழுதாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்போது நடக்கக்கூட வராது. ராபர்ட் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

‘சரி, நிறுத்து. எத்தினி மணிக்கு மச்சான் பாத்த?’

‘சாயங்காலம். அஞ்சரை இருக்கும்.’

‘அப்ப ஒண்ணு பண்றேன். காலையில இருட்டோட போய் கேட்ட தெறந்து உடுறேன். ஷாமியானாக்காரனுக்கு எடத்த காட்டிட்டு மத்தியானத்துக்குள்ள வூட்டுக்கு வந்துடுறேன். ஜொரம்னு சொல்லிக்கலாம். போதுமா? ரெண்டு பேருக்கும் போதுமா?’

எனக்குப் போதும் என்று இருந்தது. நண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

விழா அன்று காலை. முன்தினம் சரியாகத் தூங்கவில்லை, ஆனால் மனசு லேசாகத்தான் இருந்தது. காலாடிப்பேட்டை தாண்டி கடலோர ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே பைக்கை நிறுத்தி டீ வாங்கினேன். எதிரே கடல். எனக்குப் பின்னால் ஐஸ் கம்பெனிச் சுவர், புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது. சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டு மேலே வந்தது. டீயோடு திரும்பினேன். சுவரில் வெயில் மஞ்சளாக, பொன்னாக விழுந்திருந்தது. நான் வியூவில் வைத்த அதே வெயில். டீக்கடைக்காரன் ஆற்றுகிற நிழல் சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றது.

கிழக்கு பார்த்த சுவரில் சாயங்காலம் வெயில் விழாது. காலையில்தான் விழும். கைக்குழந்தைக்குத் தெரியும் இது. வடக்கைத் திருப்பியவன் நான். என் கையால் திருப்பினேன். மெஷினில் சாயங்காலம் என்று நான் படித்தது சாயங்காலம் இல்லை.

கிளாஸ் கீழே விழுந்தது. ராபர்ட்டுக்கு போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி அடித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினேன். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை. எதிர்ப்பக்கத்தில் ஓட்டினேன். ஒரு லாரி கண்ணாடி என் தோளில் அடித்தது. வலி பிறகுதான் தெரிந்தது.

சைட்டுக்கு எதிரே, கடல் பக்கத்துக் கல்லின் மேல் பைக்கைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினேன். கேட் திறந்திருந்தது. ஷாமியானா கம்பிகள் கீழே கிடந்தன. அதைக் கொண்டுவந்தவர்கள் யாரையும் காணோம். ஓடியிருப்பார்கள். மேலே என் வியூ கட்டியிருந்தது, நீல வானம்.

கீழே சுவர் ஓரம் ராபர்ட். மூன்று பேர். விழா என்று சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அதில் நான்கு நிழலும் தெரிந்தது. நான் பார்த்தது அப்படியே, ஒரு அடி கூட மாறவில்லை. முதல் வெட்டு ஏற்கெனவே தோளில் விழுந்திருந்தது. சட்டை ஒரு பக்கம் முழுக்க ரத்தம். அவன் குனிந்தான். கையைத் தூக்கினான். இரண்டாவது வெட்டு அந்தக் கையில் விழுந்தது. கறிக்கடையில் எலும்பு வெட்டுகிற சத்தம். அவன் கத்தவில்லை. ‘டேய்’ என்று மட்டும் சொன்னான், தெரிந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி.

மெஷினில் நான் பார்த்தது அதுவரைதான்.

ஒரு ஷாமியானா கம்பியை எடுத்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. முதலில் நின்றவனின் முழங்கையில் இறக்கினேன். கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது, கத்தி என் காலடியில் வந்து விழுந்தது. அடுத்தவன் திரும்பினான். அவன் முகத்தில் நேர் வெயில். கத்தியை என் வயிற்றுக்கு வீசினான், சட்டை கிழிந்தது, தோலும் கொஞ்சம் கிழிந்தது, நான் கம்பியை அவன் வாயில் குத்தினேன், பல் உடைந்து ரத்தத்தோடு என் கையில் தெறித்தது, இன்னொரு தடவை குத்தினேன், அவன் உட்கார்ந்துவிட்டான், மூன்றாவது ஆள் என்னை வெட்டுகிற தூரத்தில்தான் நின்றான், கத்தியை ஓங்கியபடி நின்றான், வெட்டவில்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தான். பிறகு மூன்று பேரும் ஓடினார்கள். உட்கார்ந்தவன்கூட எழுந்து ஓடினான். கை உடைந்தவனை லாரி டிரைவர்கள் பிடித்துப் போட்டு மிதித்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராபர்ட்டின் கை தோலில் தொங்கியது. என் சட்டையைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன். ஒரு மீன் வண்டிக்காரர் நிறுத்தினார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவனைப் படுக்க வைத்தோம். வழி முழுக்க ஐஸ் தண்ணீரோடு ரத்தம் ஓடி ரோட்டில் விழுந்தது.

‘மச்சான், சாயங்காலம்னியே?’ என்றான். அப்போதும் சிரிக்கப் பார்த்தான்.

‘பேசாத மாப்ள.’

‘உன் கம்ப்யூட்டரு ஸ்லோ.’

பிழைத்துவிட்டான். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. தோள் பாதிதான் தூக்க வருகிறது. ஸ்டெல்லா அவனுக்குச் சோறு ஊட்டினாள், சட்டை மாட்டினாள். என்னிடம் வழக்கம்போலத்தான் பேசினாள். ஒரே ஒரு நாள், ஆஸ்பத்திரியில், கஞ்சி ஆற்றிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்.

‘ண்ணா, நீ ஒண்ணியும் சொல்லாம இருந்தினா அவரு சாயங்காலம் கூட்டத்தோட தானே அங்க நின்னிருப்பாரு?’

 அதை எவ்வளவோ யோசித்துவிட்டேன். நடக்கப் போவதை மெஷின் காட்டியதா, மெஷின் காட்டியதால் நடந்ததா. கேஸ் எழுதும்போது போலீசில் இதெல்லாம் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன் என்று சொன்னேன். சாரிடம் அந்த ஃபைலைத் திறந்து காட்டினேன். வெறும் சுவர். சுத்தமான வெயில். ‘கார்டு மாத்திட்டோம்ல, சரியாய்ட்ச்சி’ என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். ஏதோ கண் ஏமாற்றியது, மிச்சம் தற்செயல் என்று விட்டிருப்பேன்.

கேஸ் நடந்தது. சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருந்தேன். மத்தியான வெயில், வராந்தாவில் நிற்கக் கூட இடம் இல்லை. லாரிக்காரர்களிடம் மாட்டியவனை விலங்கோடு கூட்டி வந்து என் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கை கோணலாகச் சேர்ந்திருந்தது. கான்ஸ்டபிள் போனில் இருந்தார். அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

‘ண்ணா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்.’

நான் சம்மன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

‘அன்னிக்கு உன் பின்னால வந்தாங்களே, யாரு அவங்க?’

‘யாரும் வர்ல. நான் மட்டுந்தான்.’

‘டபாய்க்காதண்ணா. ஒத்த ஆளு நீ. கம்பி வெச்சிகினு கீற. நாங்க மூணு பேரு, கத்தி கீது. உனக்கா பயந்துகினு ஓடுவோம்?’

‘பின்ன எதுக்குடா ஓடனீங்க?’

அவன் கான்ஸ்டபிளை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். குரலை இறக்கினான்.

‘ரோட்டாண்டேர்ந்து வந்தாங்க. அவ்ளோ பேரு. வெயிலு அவங்க முதுவுல அடிக்குது. மூஞ்சி தெரில. எவ்ளோ பேருன்னு பாக்கலாம்னு செவுத்த பாத்தேன். எங்க நெழலு கீது. ராபர்ட்டு நெழலு கீது. வந்தவங்க ஒருத்தனுக்கும் இல்லண்ணா.’

கான்ஸ்டபிள் போனை வைத்துவிட்டு அவனை எழுப்பினார். போகும்போது திரும்பித் திரும்பி என் காலடியைப் பார்த்துக்கொண்டே போனான்.

அன்றைக்குச் சுவரில் என் நிழல் விழுந்ததா, வந்தவங்க என்று அவன் சொன்னதில் நானும் சேர்த்தியா என்று கேட்க வாய் வரை வந்தது. காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.